கணக்கு முடங்கிய 23 நாள்கள்: பெரிய நிறுவனங்களை நம்பி வாழ்ந்தவர்களின் அனுபவப் பகிர்வு

மொழிபெயர்ப்பாளர் (தொடக்கப் பகிர்வு)

மொழிபெயர்ப்பு என் தொழில். எந்த அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்திடாமல், எந்த மேலதிகாரிக்கும் பதில் சொல்லாமல், என் மேசையில் அமர்ந்து உழைத்து வாழ்கிறேன் என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தச் சுதந்திரம் முழுவதும், 14 ஆண்டுகளாகக் கட்டணமின்றிப் பயன்படுத்திவந்த ஒரே ஒரு மின்னஞ்சல் கணக்கின் மீது நின்றுகொண்டிருந்தது என்பதை, அந்தக் கணக்கு மூடப்பட்ட காலையில்தான் அறிந்தேன்.

விதிமுறைகளை மீறியதால் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று திரையில் ஒரு வரி இருந்தது. எந்த விதி, எந்தச் செயல், எந்த நாள் என்ற விவரம் ஏதும் இல்லை. மேல்முறையீட்டுப் படிவத்தில் விளக்கம் எழுதுவதற்கு ஒரு சிறு கட்டம் கொடுத்திருந்தார்கள். குற்றம் இன்னதென்று தெரிந்தால்தானே மறுப்பு எழுத முடியும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்துவிட்டு, என் தொழிலையும் நான் அனுப்பும் கோப்புகளின் தன்மையையும் விவரித்து எழுதி அனுப்பினேன். சில நிமிடங்களில், மனிதர் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லாத வேகத்தில், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

முதல் நாள், கடிதங்கள் போயின என்றுதான் நினைத்தேன். இரண்டாம் நாள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முயன்றபோது, அதற்கான இணைப்பை வங்கி அந்த முடங்கிய முகவரிக்கே அனுப்பியது. வரித் துறைத் தளமும் அப்படியே, வாடிக்கையாளர்கள் கோப்புகளைத் தரும் தளங்களும் அப்படியே. பல தளங்களில் தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளாமல், அந்த நிறுவனத்தின் கணக்கைக் கொண்டே உள்நுழையும் வசதியை நான் தேர்ந்திருந்தேன். ஒரு சாவி போனதும் அத்தனை பூட்டுகளும் சேர்ந்து போயின. இத்தகைய அவசரத்துக்கென்றே தரப்படும் மீட்புக் குறியீடுகளைக்கூட, முடங்கிய அதே கணக்கின் சேமிப்பகத்தில்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

24ஆம் நாள் காலை கணக்கு திறந்திருந்தது. காரணமும் சொல்லப்படவில்லை, வருத்தமும் தெரிவிக்கப்படவில்லை. நான் உடனே அதே படிவத்தின் வழியாக நன்றி எழுதி அனுப்பினேன். என்னுடைய கடிதங்களை என்னிடம் திருப்பித் தந்ததற்கு நன்றி சொன்னேன் என்பதும், அதை உளமாரச் சொன்னேன் என்பதும் இன்றுவரை என்னை உறுத்துகின்றன. மூன்று வாரங்களில் ஒரு மனிதரை இவ்வளவு பணியவைக்க, அந்த நிறுவனத்தில் யாரும் தீய எண்ணம் கொள்ள வேண்டியிருக்கவில்லை. நான் யாரென்றே அங்கு எவருக்கும் தெரியாமலிருந்தது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு செய்த முதல் வேலை, என் பெயரில் ஒரு டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர், பதிவு செய்தது. மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதன்று. கடிதம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எஸ்எம்டிபி என்ற முறை 1982இல் பொது விதியாக வெளியிடப்பட்டது, அதை யாரும் பின்பற்றலாம். முகவரியின் பிற்பகுதி என் டொமைனாக இருந்தால், கடிதங்களை எந்த நிறுவனம் பெற்று வைக்க வேண்டும் என்பதை எம்எக்ஸ் என்ற ஒரு சிறு பதிவு தீர்மானிக்கிறது. நிறுவனம் பிடிக்காவிட்டாலோ, அது என்னை வெளியேற்றிவிட்டாலோ, அந்தப் பதிவை மாற்றினால் ஓரிரு நாள்களுக்குள் கடிதங்கள் வேறிடத்துக்கு வரத் தொடங்கும். என் முகவரி மாறாது. எனக்கு எழுதுபவர்களுக்கு நான் இடம்பெயர்ந்தது தெரியவும் தெரியாது. இப்போது கட்டணம் வாங்கும் ஒரு சிறு நிறுவனத்தில் அஞ்சலை வைத்திருக்கிறேன். பழைய கடிதங்கள் அனைத்தையும், அஞ்சல் பெட்டியை வேறொரு மென்பொருளால் அணுகும் ஐமேப் என்ற முறை வழியாக என் கணினிக்கு இறக்கி வைத்தேன்.

டொமைனும் முழுச் சொத்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் காலந்தவறாமல் புதுப்பிக்க வேண்டும்; தவறினால் இன்னொருவர் வாங்கிக்கொண்டு, எனக்கு வரும் கடிதங்களையெல்லாம் படிக்கலாம். புதுப்பிப்பதற்கான நினைவூட்டல் எந்த முகவரிக்கு வருகிறது என்று பார்த்தேன். பழைய முகவரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அன்றே மாற்றினேன்.

இதே போன்ற நிலையை எதிர்கொண்டவர்கள், அதிலிருந்து எவ்வாறு மீண்டீர்கள் என்பதை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கணினி நிர்வாகி

அம்மா, நீங்கள் நின்ற இடத்தைத் தாண்டியும் நான் போய்ப் பார்த்தேன், திரும்பியும் வந்தேன். அதையும் எழுதிவைப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்.

யாரையும் நம்பக் கூடாது என்ற பிடிவாதத்தில், வாடகைக்கு எடுத்த வழங்கி (சர்வர்) ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் ஆகிய அஞ்சல் மென்பொருள்களை நிறுவி, நான்கு ஆண்டுகள் என் அஞ்சலை நானே நடத்தினேன். பெறுவதில் பெரிய சிரமம் இருந்ததில்லை. ஒருமுறை நான் பயணத்தில் இருந்தபோது வழங்கி இரண்டு நாள்கள் நின்றுபோனது. ஒரு கடிதமும் தொலையவில்லை. சென்று சேராத கடிதத்தை நான்கைந்து நாள்களாவது மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று அஞ்சல் விதிகளே பரிந்துரைக்கின்றன. ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால் மறுநாளும் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்து அந்த விதியை எழுதியவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அனுப்புவதுதான் என்னைத் தோற்கடித்தது. கடிதம் உண்மையாகவே என் டொமைனிலிருந்து வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அமைப்புகளையும் முறையாக அமைத்திருந்தும், பெரிய நிறுவனங்களில் கணக்கு வைத்திருப்போருக்கு நான் எழுதியவை ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தன. இணையத்தில் என் வழங்கியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியை எனக்கு முன் வாடகைக்கு எடுத்திருந்தவர் யாரோ, அவர் எதை அனுப்பினாரோ, அந்தக் கெட்ட பெயர் எனக்கு வந்துசேர்ந்தது. திருப்பி அனுப்பியிருந்தாலாவது தெரிந்திருக்கும், ஓசையில்லாமல் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு ஒப்புதல் எழுதி அனுப்பிவிட்டு ஒன்பது நாள்கள் காத்திருந்தேன். நான் பதிலே தரவில்லை என்று கருதி அவர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

அதைவிட ஆழமாகத் தைத்தது வேறொன்று. என் பெற்றோர், மனைவி, தம்பி ஆகியோரின் அஞ்சலும் அதே வழங்கியில் இருந்தது. வழங்கி நின்ற அந்த இரண்டு நாள்களும் அவர்கள் என்னை அழைத்தபடியே இருந்தார்கள். நானோ தொடர்பு கிடைக்காத இடத்தில் இருந்தேன். எனக்குத் தன்னுரிமை என்று நான் கட்டியது, அவர்களுக்கு இன்னொரு சார்புநிலையாக இருந்தது. அதிலும், விடுப்பில் போனால் மாற்று ஆள் இல்லாத ஒருவனை நம்பிய சார்புநிலை. என் தாய் ஒரு குறையும் சொல்லாமல், அந்த அஞ்சல் எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். அந்த மாதமே அனைவரையும் கட்டணச் சேவைக்கு மாற்றினேன். டொமைன் மட்டும் எங்களுடையதாகவே இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பைத் தவறுதலாகத் துண்டித்துக்கொண்டு ஏறக்குறைய ஆறு மணி நேரம் இணையத்திலிருந்தே மறைந்தது. பழுதைச் சரிசெய்ய வேண்டிய உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால், பொறியாளர்கள் தரவு மையத்துக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது, உள்ளே நுழைவதற்கே நேரம் பிடித்தது என்று அந்த நிறுவனமே பின்னர் எழுதியது. மீட்புக் குறியீடுகளை அதே கணக்கில் வைத்தேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: நகலைக் கதவு திறந்திருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். கூகுள் 2011 முதல் டேக்அவுட் என்ற பெயரில் இந்த வசதியைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, தாம் கொடுத்த தரவைக் கணினி படிக்கத்தக்க வடிவில் திரும்பப் பெறுவதை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. ஆனால் முடங்கிய கணக்கின் வெளியே நின்று அந்தப் பொத்தானை அழுத்த முடியாது.

செவிலியர்

என் அனுபவம் தனிமனிதரைப் பற்றியதன்று. ஒரு நிறுவனமே இன்னொரு நிறுவனத்தை நம்பி நின்றதைப் பற்றியது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, நான் பணிக்கு வந்தபோது பிரிவில் இருந்த கணினிகள் அனைத்தும் நீலத் திரையோடு நின்றிருந்தன. பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு வந்த பழுதான புதுப்பிப்பே காரணம் என்று பின்னர் தெரிந்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அந்தப் புதுப்பிப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் நின்றுபோன கணினிகளில் பெரும்பாலானவற்றின் முன்னும் ஒருவர் போய் அமர்ந்து, கையாலேயே அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் அச்சிட்ட வெற்றுப் படிவங்களை ஓர் அலமாரியில் வைத்திருப்பார். இடத்தை அடைக்கிறது என்று பலமுறை அகற்றச் சொல்லியிருக்கிறார்கள், அவர் அகற்றவில்லை. அன்று அந்தப் படிவங்களில்தான் மருந்து நேரங்களை எழுதினோம். எந்த மருந்து யாருக்கு ஒவ்வாது என்பதை நோயாளிகளிடமும் உறவினர்களிடமும் கேட்டு, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டோம். எடைக்கேற்ற மருந்தளவைத் தாளில் கணக்கிட்டு, இருவர் தனித்தனியே சரிபார்த்த பிறகே கொடுத்தோம். பணியில் சேர்ந்து மூன்றாண்டுகளான இளம் செவிலியர் ஒருவர், கணக்குத் தெரிந்திருந்தும், திரை சரியென்று சொல்லாமல் ஊசியைப் போடத் துணியாமல் கண்கலங்கி நின்றார். அவர் மீது பிழையில்லை. அவரைத் திரையில்லாமல் ஒரு நாள்கூட நாங்கள் பழக்கியதில்லை.

இப்போது மாதத்தில் ஒரு பணிநேரம் தாளில் மட்டும் எழுதிப் பழகுகிறோம். இரட்டை வேலை என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, படிவத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கணவரை இழந்த உறுப்பினர்

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் கணவர் திடீரென்று இறந்தார். எங்கள் மகள் பிறந்தது முதல் எடுத்த படங்களும் காணொளிகளும் அவருடைய கணக்கில் இருந்தன. கைபேசி பூட்டியிருந்தது, கடவுச்சொல் எனக்குத் தெரியாது. நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்கள் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. கணக்கு வைத்திருந்தவரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டியிருப்பதால் நீதிமன்ற உத்தரவு தேவை என்றார்கள். அவர் என்னிடம் எதையும் மறைத்து வாழ்ந்தவரல்லர். ஆனாலும் அந்த விதி என்னைப் போன்றவர்களை மட்டும் தடுப்பதற்காக எழுதப்பட்டதன்று என்பது எனக்குப் புரிகிறது. புரிந்துகொள்வதற்கு நெடுநாள் ஆயிற்று.

சில மாதங்களுக்குப் பிறகு அவருடைய மேசையின் கீழ்த்தட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் கிடைத்தது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் அவர் படங்களை அதில் நகலெடுத்து, ஆண்டைப் பெயராக இட்டு வைத்திருக்கிறார். பூட்டு எதுவும் போடவில்லை. மகளின் முதல் ஒன்பது ஆண்டுகள் அதில் இருக்கின்றன. கடைசி நகலுக்குப் பிறகான பதினொரு மாதங்கள் இல்லை. அவள் மிதிவண்டி ஓட்டக் கற்றது அந்த மாதங்களில்தான். பின்னால் பிடித்தபடி ஓடியவர் அவர், படமெடுத்தது நான், ஆனால் அவருடைய கைபேசியில்.

கூகுளில் 2013 முதல், கணக்கு நெடுநாள் பயன்படாமல் இருந்தால் யாருக்குத் தரவைத் தரலாம் என்று முன்கூட்டியே குறித்துவைக்க முடியும். ஆப்பிளில் 2021இன் இறுதியிலிருந்து, இறந்த பின் அணுகக்கூடியவர் என்று ஒருவரை நியமிக்கலாம். இரண்டையும் நான் அவர் போன பிறகே அறிந்தேன். படிக்கிறவர்கள் இன்று மாலையே அமர்ந்து குறித்துவிடுங்கள். பத்து நிமிடங்கள்தான் ஆகும்.

மொழிபெயர்ப்பாளர்

உங்கள் பகிர்வைப் படித்த பிறகு, அம்மா, வேறெதையும் உடனே எழுத மனம் வரவில்லை. நீங்கள் சொன்னபடி அன்று மாலையே என் தங்கையின் பெயரைக் குறித்தேன்.

கணினி நிர்வாகி எழுதியதும் செவிலியர் எழுதியதும் சேர்ந்து இன்னொரு வேலையைச் செய்யவைத்தன. சென்ற வாரம் மூன்று நாள்கள், எல்லாக் கணக்குகளிலிருந்தும் நானே வெளியேறி, கையிலிருக்கும் நகல்களை மட்டும் கொண்டு தொழிலைத் தொடர முடிகிறதா என்று பார்த்தேன். கடிதங்கள் திறந்தன. வாடிக்கையாளர் கோப்புகளும் திறந்தன. பதினொரு ஆண்டுகளாகச் சேர்த்த என் கலைச்சொல் தொகுப்பு மட்டும் திறக்கவில்லை; அதை நகலெடுத்திருந்த வடிவம், இணையத்தில் உள்நுழைந்த பிறகே இயங்கும் ஒரு மென்பொருளுக்கு உரியது. நகல் இருக்கிறது என்று எட்டு மாதங்களாக நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். அந்தத் தொகுப்பை எந்தக் கணினியிலும் திறக்கும் வெற்று உரைக்கோப்பாக மாற்றி முடித்தேன். சில குறிப்புகளின் அமைப்பு சிதைந்தது, சொற்கள் தப்பின.

மீட்புக் குறியீடுகளை இப்போது தாளில் அச்சிட்டு, டொமைன் பதிவின் விவரங்களோடு உறையிலிட்டுத் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவள் அந்த உறையைப் பிரித்து, நான் பக்கத்து அறையில் வாய் திறக்காமல் இருக்க, தாளில் உள்ளதை மட்டும் வைத்து என் அஞ்சலைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. எந்த இடத்தில் தடுமாறினாள் என்பதை வந்து எழுதுகிறேன்.