மறுமொழி: இயற்கை, மரபு ‘இன்டர்பிரட்டர்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களையும் மறுபடி படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காட்டிலும் கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் பார்வையாளரை அழைத்துப்போய், அவர்கள் காண்பதன் அர்த்தத்தைப் புலப்படுத்துபவரைத்தான் ஆங்கிலத்தில் ‘இன்டர்பிரட்டர்’ என்கிறார்கள். பயிற்சிக் கையேட்டின் மொழிபெயர்ப்பு இந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்பதால், என் முன்மொழிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருளுரைஞர்.

> ‘வழிகாட்டி’ என்று ஊரறிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி, ஐயா. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். லாங்ஸ் பீக் மலைக்கு ஆட்களை அழைத்துப்போன எனோஸ் மில்ஸ் தன்னை ‘இயற்கை வழிகாட்டி’ என்றே சொல்லிக்கொண்டார். பிறருக்கும் அந்த வேலையைப் பழக்கினார். அப்புறம்தான் தேசியப் பூங்காக்களில் இன்டர்பிரட்டர் என்ற சொல் ஊன்றியது. பத்திரிகையிலும் நாடகத்திலும் எழுதிவந்த ஃப்ரீமன் டில்டன், 1957-இல் வந்த தன் நூலில் இந்த வேலைக்கு வரையறை தந்தார். வெறும் தகவலைச் சொல்லாமல், அசல் பொருள்களையும் நேரடி அனுபவத்தையும் கொண்டு அவற்றின் அர்த்தத்தையும் தொடர்புகளையும் புலப்படுத்துவது என்பது அதன் சாரம். போதிப்பதைவிடத் தூண்டிவிடுவதே முக்கிய நோக்கம் என்றும் அவர் சொல்கிறார். ‘வழிகாட்டி’ இதைத் தாங்காது.

மாமல்லபுரத்தில் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன் நான் கண்ட ஒரு காட்சி. ஒருவர் பள்ளிப் பிள்ளைகளிடம் பாறையின் நீளம், உயரம், பல்லவர் காலம் எல்லாம் சொல்லி முடித்தார். பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேறொரு கூட்டத்தோடு வந்த அம்மா ஒருவர் அப்படி எந்தத் தகவலும் சொல்லவில்லை. “இந்தப் பாறையில ரெண்டு பேர் தவம் செய்யறாங்க. ஒருத்தர் மனுசர். இன்னொருத்தர் யாருன்னு கண்டுபிடிங்க” என்றார். முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் பூனையையும் அதன் காலடியில் உள்ள எலிகளையும் ஒரு சிறுமி கண்டுபிடித்தாள். அதன்பின் அரைமணி நேரம் யாரும் நகரவில்லை. நிஜத் தவம் எது, பொய்த் தவம் எது என்று அவர்களே சண்டை போட்டார்கள். அந்த அம்மா செய்த வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

> மொழிபெயர்ப்பாளர் / துபாஷி

ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருள் இது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை செய்த வேலை வேறு. விட்டுவிடலாம்.

> விளக்குநர், விளக்கவுரையாளர்

தவறில்லை. ஆனால் ‘விளக்கம்’ என்றதும் அலுவலகத்தில் கேட்கும் விளக்கம் வரை நினைவுக்கு வருகிறது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லும் தொனியும் அதில் இருக்கிறது.

> உணர்த்துநர்

என்னை மிகவும் தடுமாற வைத்த சொல் இது. பொருளின் ஆழத்தில் பார்த்தால் இதுதான் மிக நெருக்கம். இரண்டு நாள் இதையே வைத்து ஓர் இயலை மொழிபெயர்த்தும் பார்த்தேன். ‘உணர்த்து மையம்’, ‘உணர்த்துப் பலகை’ என்று வரும்போது இடறியது. ‘உணரி’ என்பதை நாமே சென்சாருக்குக் கொடுத்துவிட்டோம். பக்கத்தில் இதுவும் வந்தால் குழம்பும். இன்னொரு தயக்கமும் உண்டு. உணர்வது பார்வையாளரின் உரிமை. ‘நான் உணர்த்துகிறேன்’ என்று பெயரிலேயே சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம் என்று படுகிறது.

சரி, பொருளுரைஞருக்கு வருகிறேன்.

தமிழில் ‘பொருள்’ என்பது கையில் தொடும் பண்டத்தையும் குறிக்கும், சொல்லின் அர்த்தத்தையும் குறிக்கும். இந்தத் தொழிலே கல், மரம், எலும்பு, ஓடு என்ற முதல் பொருளிலிருந்து இரண்டாவது பொருளுக்குப் போவதுதான். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இரண்டு சொல் வேண்டும். நமக்கு ஒன்றே போதும்.

‘உரை’ நம்மிடம் ஆயிரம் ஆண்டாக இருக்கும் மரபு. இளம்பூரணர், பரிமேலழகர், நச்சினார்க்கினியர் செய்தது, மூலத்தை மாற்றாமல் அதன் பொருளை வாசகனுக்குத் திறந்துவிடுவது. பாறையும் காடும்கூட மூலம்தான். காண்டிகையுரை என்னும் சுருக்கமான உரைவகைக்கு நன்னூல் சொல்லும் உறுப்புகளைப் பாருங்கள்: கருத்து, பதப்பொருள், காட்டு (எடுத்துக்காட்டு), வினா, விடை. வினாவும் காட்டும் இல்லாமல் அந்த அம்மா பூனையைக் காட்டியிருக்க முடியாது. உரையாசிரியர்கள் ஒருவரோடொருவர் மாறுபடுவதும் இதில் அடக்கம். மாமல்லபுரத்தின் அதே பாறையை அர்ச்சுனன் தபசு என்பவர்களும் உண்டு, பிளவில் இருக்கும் நாகங்களைக் காட்டிக் கங்கை இறங்குவதாக, பகீரதன் தவமாகச் சொல்பவர்களும் உண்டு. ஒரே மூலம், இரண்டு உரை. நல்ல பயிற்சி பெற்றவர் இரண்டையும் முன்வைப்பார்.

சொல்லாக்கத்தில் சிக்கல் இல்லை. வழக்குரைஞர் புழங்குகிறது, கலைஞர், வினைஞர் போல ஐகாரத்துக்குப் பின் ‘ஞர்’ இயல்பாக ஒட்டுகிறது. குடும்பமும் எளிதில் பெருகும்: பொருளுரை மையம், பொருளுரைப் பலகை, பொருளுரை நடை, மரபுப் பொருளுரைஞர், இயற்கைப் பொருளுரைஞர்.

> ‘உரை’ என்றால் சொற்பொழிவு என்று எடுத்துக்கொண்டு மைக் பிடித்துவிடுவார்களே?

இந்தப் பயம் எனக்கும் உண்டு, அம்மா. சொல் மட்டும் இதைத் தடுக்காது, பயிற்சிதான் தடுக்கும். அமெரிக்காவின் தேசியப் பொருளுரைச் சங்கம் வழிகாட்டிகளுக்கு நடத்திவந்த 32 மணி நேரப் பயிற்சியில், ஒவ்வொருவரும் பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். பத்தே நிமிடம். அதற்கு முன் தன் மையக்கருத்தை ஒரு முழு வாக்கியமாக எழுதிவிட வேண்டும். ‘யானை’ என்பது தலைப்பு. ‘யானை நடந்த தடத்தில்தான் காடு பரவுகிறது’ என்பது மையக்கருத்து. இந்த வேறுபாடு பிடிபட்டவர் மைக் பிடித்தாலும் கெட்டுப்போக மாட்டார்.

இங்கே ஒரு வேண்டுகோள். ‘தீம்’ என்பதற்குக் கையேட்டின் பழைய வரைவில் ‘கருப்பொருள்’ என்று இருக்கிறது. மாநாடுகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள், தெரியும். ஆனால் நம் துறையில் மட்டும் அதை மாற்றுங்கள். அகத்திணையில் கருப்பொருள் என்பது அந்த நிலத்தின் பறவை, மரம், பறை, தொழில். அவற்றின் வழியே வெளிப்படுவது உரிப்பொருள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். தேசியப் பூங்காக்களின் பயிற்சியில் தொட்டறியக்கூடியதைத் தொட்டறிய முடியாத அர்த்தத்தோடு இணை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கருவையும் உரியையும் இணை என்று தமிழில் சொன்னால் பயிற்சிக்கு வருபவருக்குப் பாதி வேலை முடிந்தது. பள்ளியில் படித்த திணை அட்டவணை அவருக்கு நினைவிருக்கும். ஆகவே தீம் என்பதற்கு ‘மையக்கருத்து’ இருக்கட்டும். கருப்பொருளை அதன் பழைய இடத்திலேயே விடுவோம்.

முதல் மூன்று இயல்களில் ‘பொருளுரைஞர்’ என்று போட்டு அனுப்புகிறேன். காட்டிலும் கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் ஆட்களை அழைத்துப்போகும் நண்பர்கள், ‘வணக்கம், நான் இங்கே பொருளுரைஞர்’ என்று ஒரு கூட்டத்தின் முன் சொல்லிப் பாருங்கள். வாயில் எங்கே இடறுகிறது, கேட்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று எழுதுங்கள். நான்காம் இயலை அதன்பிறகு தொடுகிறேன்.

அன்புடன்.