குவாரில பாறை வெடிக்கற ஜெலட்டின்னா உண்மையில என்னங்க? கேப்பும் (டெட்டனேட்டர்) அதுவும் ஒண்ணா?

வேலந்தாவளத்தான்:
நம்மூரு கேரளா பார்டருங்க, சுத்தியும் கல்குவாரி. தமிழ் பேப்பர்ல எதுக்கெடுத்தாலும் "ஜெலட்டின் குச்சி பறிமுதல்"னு போடறாங்க, அந்தப் பக்கம் மலையாளத்துல தோட்டாங்கறாங்க, எங்க அப்புச்சி எல்லா வெடியையும் சேர்த்து மருந்துன்னே முடிச்சுடுவாரு. இதுல எது எதுங்க? ஜெல்லி மிட்டாய்ல போடற ஜெலட்டினும் இதுவும் ஒண்ணா? பன்னிக்கு வைக்கற அவுட்டுக்காய் வெடியும் இதே மருந்து தானா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க, அது மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கற புரோட்டீன். இந்த வெடிக்கு மூலம் நைட்ரோகிளிசரின், அது எண்ணெய் மாதிரி திரவம், லேசா அதிர்ந்தாலே ஆபத்து. அதை ஒருவகை மண்ணுல ஊற வச்சு 1867ல ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்னு பேட்டன்ட் வாங்கினாரு. பின்னால 1875ல அதையே நைட்ரோசெல்லுலோஸோட (பஞ்சுல இருந்து செய்யற வெடிபொருள்) சேர்த்தப்ப கொழகொழன்னு ஜெல்லி பதத்துக்கு வந்துச்சு, அதான் பிளாஸ்டிங் ஜெலட்டின். பதத்தை வச்சு வந்த பேரு, அவ்ளோ தான். இதே நைட்ரோகிளிசரினைத் தான் நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரையாவும் குடுக்கறாங்க, கடைசி காலத்துல நோபலுக்கே டாக்டருங்க அதைத் தான் எழுதிக் குடுத்தாங்களாம்.

குவாரி மேட்:
டீச்சர் சொன்னது பழைய ஜெலட்டினுங்க. இப்ப பெட்டியில வர்றது அது இல்ல. நம்ம நாட்டுல நைட்ரோகிளிசரின் சரக்கு 2004லயே நின்னு போச்சு, இப்ப வர்றதெல்லாம் அம்மோனியம் நைட்ரேட்ல கூழ் மாதிரி, களிம்பு மாதிரி செய்யற ஸ்லரி, எமல்ஷன். பிளாஸ்டிக் உறையில குச்சி குச்சியா வர்றதால பழைய பேரே ஒட்டிக்கிச்சு. பெட்டி மேல பார்த்தீங்கன்னா கிளாஸ் 2ன்னு இருக்கும், நைட்ரேட் மிக்சர்னு அர்த்தம், பழையது கிளாஸ் 3. அந்தக் காலத்துல மருந்து தொட்டவங்களுக்கெல்லாம் மண்டை பிளக்கற மாதிரி தலைவலி வரும், ரத்தக்குழாயை விரிய வைக்கற சரக்கு தோல் வழியா உள்ள போயிடும். உங்க அப்புச்சியைக் கேட்டுப் பாருங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

கேப்பு வேறங்க, டெட்டனேட்டரைத் தான் கேப்புன்னு சொல்றோம். இப்ப வர்ற குச்சி தானா வெடிக்கறது ரொம்ப கஷ்டம், அதை வெடிக்க வைக்கறது கேப்பு தான். சுண்டு விரலை விட ஒல்லியா பளபளன்னு ஒரு சின்னக் குழாய், பழைய எலக்ட்ரிக் கேப்புன்னா அதுல இருந்து ரெண்டு கலர் ஒயர் நீட்டிட்டு இருக்கும், பிள்ளைங்க ஆசைப்பட்டு எடுத்து பேட்டரில வச்சுப் பார்க்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி. பேப்பர்ல ஜெலட்டின்னு பெருசா போட்டுட்டு டெட்டனேட்டரைக் கடைசி வரியில தள்ளிடறாங்க, எனக்கு அது தான் வயித்தெரிச்சல். கையை எடுக்கறது அந்தச் சின்னக் குழாய். மூடின குவாரிப் பக்கம் ஆடு மேய்க்கறவங்க கண்ணுல பட்டா தொடாம, ஒயரை இழுக்காம, தள்ளி வந்து போலீசுக்கு 112ல சொல்லுங்க.

வேலந்தாவளத்தான்:
ரொம்ப நன்றிங்க மேட். அப்ப அவுட்டுக்காய்?

ஆனைகட்டிக்காரி:
அது குவாரி சரக்கே இல்லைங்க. கேப்பும் வேண்டாம் ஒயரும் வேண்டாம், கடிச்சு அழுத்தினாலே வெடிச்சிரும், அதான் பன்னிக்கு வைக்கறேன்னு தீனிக்குள்ள வச்சுட்டுப் போறாங்க, மலையாளத்துல பன்னிப்படக்கம்னு சொல்லுவாங்க. வைக்கறதே சட்டப்படி குத்தம். தின்ன வர்றது பன்னி மட்டுமா, மாடு வரும், நாய் வரும், யானை வரும். 2020 மே மாசம் பாலக்காடு ஜில்லாவுல ஒரு சினை யானை அப்படித்தான் வாய் சிதைஞ்சு, தீனி எடுக்க முடியாம வெள்ளியாறு தண்ணிக்குள்ளயே நின்னு 27ஆம் தேதி செத்துச்சு. எங்க ஊர்ல மாட்டுக்கும் தாடை போயிருக்குது. வேலியோரம் மாவு உருண்டை, பழம்னு என்ன கிடந்தாலும் காலால கூட தள்ளாதீங்க, ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்லுங்க, அவங்க வந்து எடுத்துக்குவாங்க.