தோற்றுப்போன முன்மொழிவைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஒரு சொல்

நண்பர்களே,

> மன்றக் கூட்டத்தில் தோற்றுப்போனதை மறுபடி கொண்டுவருவதற்கு 'மறுபரிசீலனை' போதாதா?

போதாது. அமெரிக்காவில் சங்கங்களும் பல நகர மன்றங்களும் பின்பற்றும் ராபர்ட் விதிநூல் (முதல் பதிப்பு 1876) இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. மறுபரிசீலனை என்பது எடுத்த முடிவையே திரும்பத் திறப்பது. அதைக் கோரி எழுபவர் வாக்கெடுப்பில் வென்ற பக்கம் இருந்திருக்க வேண்டும். தோற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: பழைய முடிவைத் தொடாமல், அடுத்த கூட்டத்தொடரில் அதே விஷயத்தை முதலிலிருந்து வைப்பது. இதை எந்த உறுப்பினரும் செய்யலாம்.

> 'மறுதீர்மானம்'?

தமிழ்நாட்டில் அவைமுன் வைப்பதும் தீர்மானம், நிறைவேறியதும் தீர்மானம். "தீர்மானம் தோற்றது" என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. தோற்றபின் அங்கே என்ன தீர்மானமானது? இலங்கைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அவைமுன் வைப்பதைப் 'பிரேரணை' என்று பிரித்துவிட்டார்கள் ('நம்பிக்கையில்லாப் பிரேரணை' போல). ஆனால் பிரேரணை தமிழ்நாட்டில் இனி ஊன்றாது. முன்மொழிவு இரு கரையிலும் புரியும்.

சரி, 'மறுமுன்மொழிவு' என்றால்? மறுதேர்தல், மறுவாழ்வு எல்லாம் இருக்கின்றனதான். ஆனால் மறுமொழி என்றால் பதில். மறுமுன்மொழிவை எதிர்த்தரப்பு வைக்கும் மாற்று யோசனையாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆங்கில 'renewal'-ஐ அப்படியே பெயர்த்த 'புதுப்பித்தல்' ஓட்டுநர் உரிமத்தோடு போகட்டும்.

என் பரிந்துரை 'மீள்முன்மொழிவு'. மீள்பார்வை, மீள்குடியேற்றம் வரிசையில் வருகிறது.

> திருத்திக் கொண்டுவந்தாலும் அதே பெயரா?

இல்லை, இதைத்தான் வரையறையில் தெளிவாக எழுத வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 2019-இல் நடந்ததே நல்ல உதாரணம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்காக அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த பிரெக்சிட் ஒப்பந்தம் ஜனவரி 15-இல் 432-க்கு 202 என்று தோற்றது, மார்ச் 12-இல் 391-க்கு 242 என்று மறுபடி தோற்றது. மார்ச் 18 அன்று சபாநாயகர் பெர்கோ, 1604 முதல் வரும் மரபைக் காட்டி, சாரத்தில் மாறாத ஒன்றை அதே தொடரில் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார். அரசு, எதிர்கால உறவைப் பற்றிய அரசியல் பிரகடனத்தைக் கழற்றிவிட்டு, விலகல் ஒப்பந்தத்தை மட்டும் மார்ச் 29-இல் வைத்தது. அவர் அனுமதித்தார். அதுவும் 344-க்கு 286 என்று தோற்றது வேறு கதை! ஆக, மார்ச் 29-இல் வந்தது 'புதிய முன்மொழிவு'. அவர் தடுத்ததுதான் 'மீள்முன்மொழிவு', அடுத்த தொடருக்குக் காத்திராமல் அதே தொடரில் வந்ததால் தடை. நம் மக்களவையின் 338-ஆம் விதியும் இதே தடையைத்தான் சொல்கிறது.

ஆகவே, தோற்றதோடு 'சாரத்தில் ஒன்றான' முன்மொழிவு என்றே வரையறையில் இருக்கட்டும், அந்தத் தொடரை எடுத்துவிடாதீர்கள். அது போனால் ஒரு காற்புள்ளியை மாற்றிவிட்டுப் புதியது என்று சொல்வார்கள், நம் மன்றங்களில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

வினைவடிவத்துக்கு 'மீள்முன்மொழி' கொஞ்சம் முரடாக இருக்கிறது. 'மீண்டும் முன்மொழிதல்' என்றே விட்டுவிடலாமா? இலங்கை நண்பர்கள் 'மீள்பிரேரணை'யை இணைச்சொல்லாகச் சேர்க்கச் சொன்னால் எனக்கு மறுப்பில்லை.