டவர் ஹாம்லெட்ஸுக்குள் போக முடியாதாம்! எந்தத் தெருவுக்குள்?

மேனர்பார்க் ராசா:
இன்றைக்கு, 2024 பெப்ரவரி 26, பிபிசி வானொலியில் பால் ஸ்கல்லி கதைத்ததைக் கேட்டீர்களா? சட்டன் அண்ட் சீம் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி., கொஞ்ச நாள் முன்பு வரை லண்டனுக்கே அமைச்சராக இருந்தவர். வங்காள முஸ்லிம்கள் நிறைய இருக்கிற கிழக்கு லண்டன் டவர் ஹாம்லெட்ஸின் சில பகுதிகளும் பர்மிங்காமில் ஸ்பார்க்ஹில்லின் சில பகுதிகளும் 'நோ-கோ ஏரியா'வாம், அதாவது போகக்கூடாத இடமாம், மதத்தைத் தப்பாகப் பயன்படுத்துகிற ஆட்களால் அப்படி ஆகிவிட்டதாம். லண்டனையும் அதன் மேயர் சாதிக் கானையும் இஸ்லாமியவாதிகள் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதற்காக இன்னொரு கன்சர்வேடிவ் எம்.பி. லீ ஆண்டர்சனைக் கட்சி இடைநீக்கம் செய்து இரண்டு நாள்தான் ஆகிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இவர்.

நான் 11 வருடமாக 25ஆம் இலக்க பஸ் ஓட்டுகிறேன். இல்ஃபோர்டில் எடுத்தால் மேனர் பார்க், ஸ்ட்ராட்ஃபோர்ட், போ, மைல் எண்ட், ஒயிட்சேப்பல், ஆல்ட்கேட். இரவு இரண்டு மணிக்கும் ஓட்டியிருக்கிறேன், ரமலான் இரவிலும் ஓட்டியிருக்கிறேன். பள்ளிவாசல் வாசலில் நின்று சனத்தை ஏற்றியிருக்கிறேன். போக முடியாத ஒரு தெருவை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்கல்லி சொல்வது உண்மை என்று நினைக்கிறவர்கள் ஒரு தெருவின் பெயரைச் சொல்லுங்கோ. ஒன்றே ஒன்று போதும்.

ஹாரோ கணேசன்:
ராசா, பஸ்ஸுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு பார்த்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான். இறங்கி நடந்து பாரும். நான் 1998 முதல் 2009 வரை ஈஸ்ட் ஹாமில் இருந்தவன், எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒயிட்சேப்பல் சந்தையில் என் மனைவி பொட்டோடு நடந்தபோது எப்படி முறைத்துப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்கல்லி சொன்னது நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் சொல்வதுதான். அவர் வெளியே சொல்லிவிட்டார், அதுதான் குற்றம்.

மேனர்பார்க் ராசா:
கேட்டது தெருவின் பெயர். முறைத்தது பற்றி நான் கேட்கவில்லை. உங்கள் மனைவி அந்தச் சந்தைக்குப் போனார், காய்கறி வாங்கினார், வீட்டுக்கு வந்தார். அப்படியானால் அது போகக்கூடிய இடம்தானே அண்ணை?

ரெடிங் வித்யா:
முதலில் 'நோ-கோ' என்றால் என்ன என்று முடிவு செய்துவிட்டுப் பேசலாமே? காவல்துறையே உள்ளே போகாத இடமா, வெளியாட்களை அடிக்கிற இடமா, இல்லை நமக்கு மனசுக்குச் சரியாகப் படாத இடமா? மூன்றும் வேறு வேறு. ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு சண்டை போட்டால் விடிய விடிய போடலாம்.

ஹாரோ கணேசன்:
தெரு வேண்டுமா? 2013 ஜனவரியில் 'முஸ்லிம் ரோந்து' என்று சொல்லிக்கொண்டு சில பேர் கிழக்கு லண்டன் தெருக்களில் இறங்கி, பியர் குடித்தவன் கையிலிருந்ததைக் கொட்டு என்றார்கள், பெண்களிடம் உடையைச் சரிசெய் என்றார்கள், இது முஸ்லிம் ஏரியா என்றார்கள். அவர்களே காணொளி எடுத்துப் போட்டார்கள். இதற்கு என்ன பதில்? பஸ்ஸில் மணி அடித்து இறங்கிவிடுவீரா?

மேனர்பார்க் ராசா:
பதில் இருக்கிறது, இருந்து வாசியுங்கோ. அந்தக் காணொளி வந்தவுடன் காவல்துறை அதே தெருக்களுக்குப் போனது, ஆட்களைப் பிடித்தது, அதே வருடம் டிசம்பரில் மூன்று பேருக்குச் சிறை கிடைத்தது. கிழக்கு லண்டன் பள்ளிவாசலே அவர்களைக் கண்டித்தது. காவல்துறை போகவே முடியாத இடத்தில் காவல்துறை எப்படி ஆளைப் பிடித்தது? உங்கள் உதாரணமே உங்களைக் கவிழ்க்கிறது.

இந்தக் கதை புதிதும் இல்லை. 2015 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு 'நிபுணர்' வந்து பர்மிங்காம் முழுக்க முஸ்லிம் நகரம், மற்றவர்கள் அங்கே போவதே இல்லை என்றார். 2011 கணக்கெடுப்பில் அந்த ஊரில் முஸ்லிம்கள் 22 சதவீதம்கூட இல்லை. பிறகு அவரும் மன்னிப்புக் கேட்டார், தொலைக்காட்சியும் கேட்டது. அதே வருடம் டிசம்பரில் டிரம்ப், லண்டனின் சில இடங்களில் காவல்துறையே உயிருக்குப் பயப்படுகிறது என்றார். லண்டனின் மெட் காவல்துறை மறுத்தது, அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் கூட அது சுத்த அபத்தம் என்றார், அவர் ஒன்றும் இடதுசாரி இல்லை. டிரம்ப்பை நாட்டுக்குள் விடாதே என்ற மனுவில் 5 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு நாடாளுமன்றத்தில் விவாதமே நடந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் சொல்வார், ஒருவரும் தெருவின் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. கேனரி வார்ஃப் எங்கே இருக்கிறது? டவர் ஹாம்லெட்ஸில். மன்னரின் முடியும் நகையும் வைத்திருக்கிற லண்டன் கோபுரம் எங்கே இருக்கிறது? டவர் ஹாம்லெட்ஸில்.

ஹாரோ கணேசன்:
கோபுரத்தைப் பற்றி யார் கதைத்தது? சில பகுதிகள் என்றுதான் அவர் சொன்னார், வேண்டுமென்றே திரிக்காதீர். காவல்துறை போக முடியாது என்று அவர் சொல்லவே இல்லை. எங்களைப் போன்றவர்கள் போகத் தயங்குகிற இடம், அதுதான் விஷயம்.

மேனர்பார்க் ராசா:
அப்படியானால் அந்தச் 'சில பகுதி'யில் ஒரு தெரு?

ரெடிங் வித்யா:
ராசா அண்ணா, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன கோடையில் நானும் தோழியும் பிரிக் லேன் பக்கம் சாப்பிடப் போனோம். திரும்பும்போது சந்து முனையில் நின்ற நான்கைந்து பையன்கள் எங்கள் உடையைப் பற்றி என்னவோ கத்தினார்கள், கொஞ்ச தூரம் பின்னாலும் வந்தார்கள். பயந்துதான் போனோம். இது ஸ்கல்லிக்கு ஆதரவு இல்லை. இதே மாதிரி ரெடிங்கில் வெள்ளைக்காரப் பையன்களும் கத்தியிருக்கிறார்கள், சென்னையில் இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றுமே இல்லை, எல்லாம் பூங்கா மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மேனர்பார்க் ராசா:
எந்தச் சந்து தங்கச்சி?

ரெடிங் வித்யா:
நான் என்ன காவல் நிலையத்திலா புகார் கொடுக்கிறேன், தெருப் பெயர் கேட்கிறீர்கள்? ஒரு பெண் பயந்தேன் என்று சொன்னால் முதலில் கேட்பது இதுவா? உங்களுக்கு வாதத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹாரோ கணேசன்:
பார்த்தீர்களா? ஒரு பெண் தானாக வந்து சொல்லிவிட்டாள். இனி என்ன சாட்சி வேண்டும்?

ரெடிங் வித்யா:
கணேசன் சார், தயவுசெய்து என்னை உங்கள் சாட்சிப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ரெடிங், சென்னை என்று நான் எழுதிய இரண்டு வரிகளை நீங்கள் படிக்கவே இல்லை.

க்ராய்டன் தமிழ்வேள்:
ஒயிட்சேப்பல் நிலையத்தில் வங்காள மொழியில் பெயர்ப்பலகை 2022இல் வந்துவிட்டது. ஈஸ்ட் ஹாமில் இவ்வளவு தமிழர் இருக்கிறோம், தமிழில் ஒரு பலகை கேட்டு யாராவது மனு கொடுத்தீர்களா? அவர்களைத் திட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

ஹாரோ கணேசன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். இங்கிலாந்தில் நிலையத்தின் பெயரை எதற்கு வங்காளத்தில் எழுத வேண்டும்?

க்ராய்டன் தமிழ்வேள்:
நான் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிட்டு அதைத்தான் சொல்கிறேன் என்கிறீர்கள். எனக்குத் தமிழ்ப் பலகை வேண்டும் ஐயா. நீங்கள் ஹாரோவில் கடைப் பலகையில் தமிழைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா?

மேனர்பார்க் ராசா:
பலகையை விடுங்கோ, விஷயத்துக்கு வருவோம். இரவோடு இரவாக ஸ்கல்லியே இறங்கிவிட்டார், சொன்ன விதத்துக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் ஆண்டி ஸ்ட்ரீட் அவருடைய கட்சிக்காரர்தான், பர்மிங்காமில் அப்படி ஓர் இடம் இருப்பது எனக்கே புதுச் செய்தி என்றுவிட்டார். சொன்னவரே பின்வாங்கிவிட்டார், கணேசன் அண்ணை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஹாரோ கணேசன்:
கட்சி நெருக்கியிருக்கும். இந்த நாட்டில் உண்மையைச் சொன்னவனெல்லாம் மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். சரி, லுத்ஃபுர் ரஹ்மானைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? 2014 டவர் ஹாம்லெட்ஸ் மேயர் தேர்தலில் முறைகேடு என்று 2015இல் தேர்தல் நீதிமன்றம் அவரை நீக்கியது, ஐந்து வருடம் தடை. தடை முடிந்து 2022இல் அதே சனம் அதே ஆளை மறுபடி தேர்ந்தெடுத்தது. இதுவும் இனவாதிகளின் கட்டுக்கதையா?

மேனர்பார்க் ராசா:
அது உண்மை, நான் மறுக்கவில்லை. வழக்குப் போட்ட நான்கு பேரில் பிரிக் லேனில் உணவகம் நடத்துகிற வங்காளியும் ஒருவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. ஆனால் தேர்தலில் முறைகேடு செய்த மேயருக்கும் நடக்க முடியாத தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

நடக்க முடியாத தெரு என்றால் என்ன என்று அந்த வங்காளிகளைக் கேளுங்கோ. 1978 மே 4, உள்ளூர்த் தேர்தல் நாள், அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளியை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒயிட்சேப்பல் ஆட்லர் தெருவில் மூன்று பையன்கள் குத்திக் கொன்றார்கள். பத்து நாள் கழித்து ஏழாயிரம் பேர் சவப்பெட்டிக்குப் பின்னால் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். இப்போது அந்த இடத்துப் பூங்காவுக்கு அவர் பெயர்தான். என் பஸ் அதைத் தாண்டித்தான் போகிறது. அந்தக் காலத்தில் இனவெறி பிடித்த மொட்டைத்தலைக் கூட்டத்துக்குப் பயந்து வங்காளிகள் தனியாக வெளியே இறங்கவில்லை. பாருங்கோ, நான் தெருவின் பெயரைச் சொன்னேன்.

ஹாரோ கணேசன்:
46 வருடத்துக்கு முந்திய கதை.

மேனர்பார்க் ராசா:
சரி, எங்களைப் பற்றிய கதை சொல்கிறேன். இரண்டாயிரங்களில் எங்கள் பெடியள் ஈஸ்ட் ஹாமில் கத்தியும் வாளுமாகத் திரிந்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் என்ன எழுதின? தமிழ்க் கும்பல், தமிழர் பகுதி என்று எழுதவில்லையா? அப்போது நீங்களும் ஈஸ்ட் ஹாமில்தான் இருந்தீர்கள். எங்கள் எல்லோரையும் அந்தப் பத்துப் பேரோடு சேர்த்து எழுதுகிறான் என்று கொதித்தோமா இல்லையா?

ஹாரோ கணேசன்:
அது வேறு. எங்கள் பெடியள் மதத்தின் பெயரால் செய்யவில்லை. பிறகு படித்து, வீடு வாங்கி, ஒழுங்காக இருக்கிறோம். எங்களை அவர்களோடு ஒப்பிடாதீர்.

சோனகதெரு மகன்:
நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன். 'அவர்கள்' என்று எழுதுகிறீர்களே, அதில் நானும் ஒருவன். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவன். வீட்டில் பேசுவது தமிழ்.

1990 அக்டோபர் 30. எனக்கு ஒன்பது வயது. புலிகள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். உம்மா அடுப்பில் இருந்த சோற்றை இறக்கவில்லை. வட மாகாணம் முழுக்க சுமார் 75,000 பேர். நாங்கள் புத்தளத்துக்குப் போனோம். அது தமிழர்களே எங்களுக்கு 'நோ-கோ' ஆக்கிய ஊர். ராசா நானா தெருவின் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் ஒரு தெருவின் பெயர் சொல்கிறேன்: சோனகதெரு.

மட்டு நிலா:
வேதனையான விஷயம்தான், ஆனால் 1990 என்றால் உங்களுக்கு மட்டும்தான் ஞாபகமா? அதே வருடம் ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அகதியாக இருந்த எங்கள் சனத்தை ஊர்காவல் படையும் அதிரடிப்படையும் சேர்ந்து கொன்றார்களே, அந்த ஊர்காவல் படையில் இருந்தவர்கள் யார், முஸ்லிம்கள்தானே? கிழக்கில் நாங்கள் பட்டதை யாழ்ப்பாணத்தார் ஒருநாளும் கேட்டதில்லை.

சோனகதெரு மகன்:
காத்தான்குடிப் பள்ளிவாசலில் ஆகஸ்ட் 3ஆம் தேதி தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டது வீரமுனைக்கு முன்னரா பின்னரா தங்கச்சி?

மட்டு நிலா:
ஆரம்பித்தது யார் என்று தேதி பார்த்தால் அதற்கும் முன்னால் போகலாம். எண்பதுகளில் நடந்ததை யார் கணக்கு வைப்பது?

க்ராய்டன் தமிழ்வேள்:
இதற்காகத்தான் நமக்கு ஒரு பலகைகூட வருவதில்லை.

ஹாரோ கணேசன்:
தம்பி, 1990இல் நடந்தது தவறு, நான் எப்போதும் சொல்வேன். ஆனால் உங்களைப் போன்ற தமிழ் பேசுகிற முஸ்லிம்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வேறு, ஒயிட்சேப்பலில் இருப்பவர்கள் வேறு.

சோனகதெரு மகன்:
அண்ணை, நான் இருப்பது ஒயிட்சேப்பலில்தான். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள், ஆறாம் வகுப்பு. ஸ்கல்லி பேசிய மறுநாள் வந்து கேட்டாள், வாப்பா, நம் வீட்டுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் வரக்கூடாதா என்று. நீங்கள் வேறு, அவர்கள் வேறு என்று எங்கள் ஊரிலும் ஒலிபெருக்கிக்கு முந்தின நாள் வரை சொன்னார்கள்.

மேனர்பார்க் ராசா:
இதற்கு மேல் என்ன வேண்டும்? கணேசன் அண்ணை, இவருக்கு நேராகப் பதில் சொல்லுங்கோ. இவருடைய தெரு நீங்கள் போக முடியாத தெருவா? ஆமா, இல்லையா?

ஹாரோ கணேசன்:
குழந்தையைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்காதீர். 2013 ரோந்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

மேனர்பார்க் ராசா:
வந்துவிட்டது, மேலே இருக்கிறது. மூன்று பேருக்குச் சிறை.

ரெடிங் வித்யா:
நான் கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. 'நோ-கோ' என்றால் என்ன?

மட்டு நிலா:
வீரமுனைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

ஹாரோ கணேசன்:
நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஹாரோவில் நிம்மதியாக இருக்கிறேன், இரவில் கதவைப் பூட்ட மறந்தாலும் பயம் இல்லை. அந்த நிம்மதி எனக்கு ஈஸ்ட் ஹாமில் இருந்ததில்லை. அதை நீங்கள் எந்தக் கணக்கைக் காட்டியும் மாற்ற முடியாது.

மேனர்பார்க் ராசா:
மாற்ற வேண்டாம். தெருவின் பெயரைச் சொல்லுங்கோ. நாளைக்கு எனக்கு மாலை நாலரைக்கு வேலை தொடங்குகிறது, அதுவரை இங்கேதான் இருப்பேன்.