மறுமொழி: கையேட்டில் ‘இரத்தக்கட்டு’ வேண்டாம்

அன்புள்ள ஐயா,

மூட்டு மாற்றிக்கொண்ட புற்றுநோயாளிகளுக்கான கையேட்டில், குழாய்க்குள் உறைந்து திரளும் இரத்தத்துக்கு (thrombus) ‘இரத்தக்கட்டு’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியும் என்கிறீர்கள். புரியும், வேறொன்றாக. கதவிடுக்கில் விரல் நசுங்கிக் கன்றிப்போனால் அதைத்தான் வீடுகளில் இரத்தக்கட்டு என்கிறார்கள். பற்றுப் போடுவார்கள், எண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். இடுப்பு மூட்டு மாற்றியவரின் கெண்டைக்கால் வீங்கி வலிக்கும்போது அப்படி நீவினால், ஆழ்சிரையில், அதாவது தசைகளுக்கிடையே ஆழத்தில் ஓடும் சிரையில், உறைந்திருப்பது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடக்கூடும்.

‘உறைகட்டி’ பாடநூலுக்குச் சரி. இதைப் படிக்கப்போகிறவரோ, பரவிய புற்றால் தொடையெலும்பு முறிந்து மூட்டை மாற்றிக்கொண்டவராக இருக்கலாம். ‘காலில் கட்டி’ என்று கண்ணில் பட்டதும் அவர் என்ன நினைப்பார்?

என் முன்மொழிவு ‘உறையல்’. துவை, துவையல்; அவி, அவியல்; உறை, உறையல். நிகழ்வு உறைவு, அதில் உண்டாகும் பொருள் உறையல். சமையலறை வாடை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அடிக்கட்டுமே. நோயின் பெயராக ‘ஆழ்சிரை உறைவு’ ஏற்கெனவே புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

இரத்தத்தோடு மிதந்துவரும் பொருள் குழாயை அடைப்பதைக் குறிக்கும் ‘தக்கையடைப்பு’ (embolism) என்பதையும் ‘உறையலடைப்பு’ ஆக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. தொடையெலும்புக்குள் செயற்கை மூட்டின் தண்டை இறக்கும்போது, மஜ்ஜையிலிருக்கும் கொழுப்பும் இரத்தத்தில் கலந்து நுரையீரல் குழாய்களை அடைக்கலாம். காற்றும் அடைக்கலாம். இவையெல்லாம் உறையல் அல்ல. அடைப்பது எதுவானாலும் பொருந்தும் சொல் தக்கைதான்.

கையேட்டின் சொற்பட்டியலில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. புற்றுநோயே இரத்தத்தை எளிதில் உறையவைக்கிறது. பல புற்றணுக்கள் உறைதலைத் தூண்டும் புரதத்தை வெளியிடுகின்றன. இந்த உறவை 1865-இல் பாரிசில் விவரித்த மருத்துவர் த்ரூசோ, 1867-இல் இரைப்பைப் புற்றுக்கே பலியானார். அறுவையில் குழாய்ச் சுவர் காயப்படுவதும், நடமாட்டம் குறைந்து கால் சிரைகளில் ஓட்டம் மந்தமாவதும் இதன்மேல் சேர்கின்றன. ‘புற்றுசார் உறைவு’ என்று சேர்த்துவிடலாம்.

ஹெப்பாரின் என்ற மருந்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். மருந்துச்சீட்டிலும் அதுதான் இருக்கும். ஆனால் ‘இரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து’ என்ற வரியை நீக்குங்கள். அது எதையும் நீர்க்கவைப்பதில்லை, உறைவதைத் தடுக்கிறது. ‘உறைவுத் தடுப்பு மருந்து’ என்று எழுதி, இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இது 35 நாள் வரைகூடத் தொடரலாம், வீடு திரும்பிவிட்டோம் என்று தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் அதன் கீழேயே சேர்த்துவிடுங்கள்.