ஆபீஸ் கட்டடப் பராமரிப்பு பட்ஜெட்: போன வருஷத்தோடு 5% கூட்டினால் போதுமா?

ஈசூன்வாசி:
சிங்கப்பூரில் 12 மாடி ஆபீஸ் கட்டடம், 23 வயசு, ஒரே உரிமையாளர். சென்ட்ரல் சில்லர் (கட்டடம் முழுசுக்கும் ஏசிக்குத் தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்), 4 லிஃப்ட். 2026 பட்ஜெட்டுக்கு 2025 செலவில் எல்லாத்துக்கும் 5% ஏத்திக் கொடுக்கலாமா?

தேக்கா மணி:
வேண்டாம். ஒவ்வொரு செலவும் வேற வேற காரணத்தால் ஏறுது. செக்யூரிட்டியையே பாருங்க: படிப்படியாக உயரும் சம்பள முறைப்படி, செக்யூரிட்டி ஆபீசரோட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ல் 2,870 வெள்ளி, 2026-ல் 3,090. ஏற்றம் 7.7% கிட்ட. உங்க 5% அங்கேயே பத்தாது.

அடுத்தது சட்டப்படி செய்ய வேண்டியவை. லிஃப்ட் பெர்மிட், தீப்பாதுகாப்புச் சான்றிதழ் வருஷா வருஷம் வரும். கட்டமைப்புச் சோதனை 5 வருஷத்துக்கு ஒருமுறை. 20 வயசு தாண்டி, 13 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தா வெளிச்சுவர் சோதனை 7 வருஷத்துக்கு ஒருமுறை. கடைசியா எப்போ நடந்ததுன்னு பாருங்க. சோதனைக் கட்டணத்தை மட்டும் போட்டுட்டு நிறைய பேர் விட்டுடறாங்க. சுவர் ஓடு தளர்ந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்தா ரிப்பேரும் கொண்டோலா (வெளிச்சுவரில் ஆள் நின்னு வேலை செய்யத் தொங்க விடற மேடை) வாடகையும்தான் பெரிய செலவு.

ஜூரோங் பிளான்ட்ரூம்:
மின்சாரத்தை வெள்ளியில் கணக்குப் போடாதீங்க, யூனிட்டில் போடுங்க. உதாரணத்துக்கு, சில்லர் பிளான்ட்டுக்கு சராசரி 300 டன் லோடு (இங்கே டன்னுங்கிறது எடை இல்லை, குளிரூட்டும் அளவு), நாளுக்கு 12 மணி நேரம், வருஷம் 260 நாள்: 9,36,000 டன்-மணி. பிளான்ட் ஒரு டன்னுக்கு 0.65 கிலோவாட்டுக்குப் பதிலா 0.85 இழுத்தா, கூடுதல் 1,87,200 யூனிட். யூனிட் 25 காசுன்னு வெச்சா 46,800 வெள்ளி போகுது!

காரணம் பெரும்பாலும் கண்டென்சர் (சில்லரோட சூட்டைத் தண்ணிக்குக் கடத்துற பாகம்) குழாயில் படிஞ்ச உப்பு. லாக் ஷீட்டில் கண்டென்சர் அப்ரோச் பாருங்க: ரெஃப்ரிஜெரன்ட் (சில்லருக்குள்ள சுத்துற குளிரூட்டும் வாயு) திரவமா மாறுற வெப்பநிலைக்கும் கண்டென்சரை விட்டு வெளியே போற தண்ணியோட வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். 1 டிகிரியில் இருந்தது 3-ஐத் தாண்டிட்டா குழாயில் உப்பு படிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். பிரஷ் போட்டுத் தேய்க்க ஆகும் பணத்தை பட்ஜெட்டில் வெட்ட விடாதீங்க.

பூன்லே கணக்கு:
லிஃப்ட் கண்டிராக்ட்டில் எது சேராதுங்கிற பக்கத்தை முதலில் படிங்க. கயிறு, கண்ட்ரோலர் போர்டு, இன்வெர்ட்டர் (லிஃப்ட் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தறது) கண்டிராக்ட்டுக்கு வெளியே இருந்தா அதுக்கு பட்ஜெட்டில் தனியா தொகை போடணும். சில்லர் மாத்தறது, பெயின்ட் மாதிரி பல வருஷத்துக்கு ஒருமுறை வர்றதை இயக்கச் செலவில் கலக்காதீங்க. ஸ்ட்ராட்டா கட்டடத்தில் (ஒவ்வொரு பகுதிக்கும் தனி உரிமையாளர் உள்ளது) சட்டமே சிங்கிங் ஃபண்டை, அதாவது பெரிய செலவுக்குச் சேர்த்து வைக்கிற நிதியை, தனியா வைக்கச் சொல்லுது, நீங்களும் அதே மாதிரி ஒதுக்குங்க. தொகையை 12-ஆல் வகுக்காம, பில் வர்ற மாதத்திலேயே போடுங்க. கொட்டேஷனில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கான்னும் பாருங்க.