இடது ஹெட்லைட் டிம்மில் மங்குது: முழு அசெம்பிளியும் மாத்தணுமா?

மடிவாளா ஹேட்ச்பேக்:
2019 மாடல், 62,000 கி.மீ., வாரண்டி முடிஞ்சாச்சு. கம்பெனியில் வந்த எச்4 ஹாலஜன், 60/55 வாட். டிம் போட்டா இடது பக்கம் வலதைவிட மஞ்சளா எரியுது. ஓசூர் ரோட்டுப் பள்ளத்தில் விழுந்து எழும்போது ஒரு நொடி செத்து வரும். அந்த நொடி டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு லேசா மினுக்குது. டீலர் சர்வீஸில் ரெண்டு தடவை பல்ப் மாத்தினாங்க, ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நல்லா இருந்தது. இப்போ "அசெம்பிளி (முழு ஹெட்லைட் யூனிட்) மாத்தணும், அதிலும் சரியாகலைன்னா ஹார்னஸ் (வயரிங் கட்டு)"னு 14,500 ரூபாய்க்கு எஸ்டிமேட். ஒத்துக்கலாமா? கையில் மல்டிமீட்டர் இருக்கு.

டெஸ்ட் லாம்ப்:
கையெழுத்துப் போடாதீங்க சார். அந்த நீல விளக்கே காட்டிக் கொடுக்குது.

எச்4 பல்பில் ரெண்டு இழை, மூணு கால்: டிம், பிரைட், ரெண்டுக்கும் பொதுவா ஒரு எர்த். எர்த் விட்டுப்போனா டிம் இழையில் வந்த கரண்டுக்குப் போக வழியில்லை. பக்கத்து பிரைட் இழைக்குள் தலைகீழா நுழைஞ்சு, பிரைட் வயரைப் பிடிச்சு, வலது பல்பின் பிரைட் இழை வழியா அந்தப் பக்க எர்த்துக்குப் போய்ச் சேரும். அதே வயரில்தான் டாஷ்போர்டு விளக்கும் இருக்கு. ரிஃப்ளெக்டரோ கண்ணாடியோ கெட்டா இப்படி மினுக்காது, அதனால அசெம்பிளிக்கு இதில் வேலையே இல்லை.

பத்து நாள் சரியானதும் பல்பால இல்லை. கப்ளரை, அதாவது பல்பின் பின்னாடி செருகுற வயர் பிளக்கை, பிடுங்கிச் செருகும்போது உள்ளே தகடு உரசிச் சுத்தமாகுது, அவ்வளவுதான். அசெம்பிளி மாத்தினாலும் அதே பத்து நாள் கிடைக்கும்.

அளக்கும்போது இஞ்சின் ஓடணும், டிம் எரியணும், கப்ளர் பல்பில் செருகியே இருக்கணும். பெரும்பாலும் தப்பு நடக்கிறது இங்கேதான்: கழட்டி வெச்சு அளந்தா கரண்டே ஓடாது, துருப்பிடிச்ச எர்த்தும் நல்ல பிள்ளையா ரீடிங் காட்டும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைங்க. கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில். சிவப்பு முனைக்கு ஒரு குண்டூசி, அதைக் கப்ளரின் பின்பக்கம் எர்த் வயரோடு ஒட்டி உள்ளே விடுங்க. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தா பாடியில் முடுக்கின எர்த் போல்ட் வரை பத்திரம். அடுத்து பல்பின் எர்த் காலையே தொட்டு அளங்க. கப்ளரை ரெண்டு மில்லி பின்னுக்கு இழுத்தா கால் தெரியும், ஆனா ஆட்டினா ரீடிங் மாறும், அதனால இதைக் கடைசியா செய்யுங்க. முதல் ரீடிங் சரி, ரெண்டாவது ஏறுதுன்னா கோளாறு கப்ளரில். ரெண்டுமே ஏறியிருந்தா போல்ட்டைக் கழட்டி எமரி பேப்பர் போடுங்க.

சில வண்டிகளில் பொதுக் கால் பாசிட்டிவ், ஸ்விட்ச் ஆகிறது எர்த் பக்கம். எரியும்போது பொதுக் காலில் 12, 13 வோல்ட் வந்தா அந்த வகை. அப்போ பேட்டரி பாசிட்டிவிலிருந்து அளக்கணும். ரேடியேட்டர் ஃபேன் எப்போ வேணும்னாலும் சுத்தும், கை ஜாக்கிரதை.

நைட் டிரைவ்:
எதுக்கு இவ்வளவு? ரிலே கிட் (பேட்டரியிலிருந்து நேரா லைட்டுக்குக் கரண்ட் தர்ற செட்) போட்டு 100/90 பல்ப் மாட்டுங்க, பளிச்சுன்னு இருக்கும்.

டெஸ்ட் லாம்ப்:
வேண்டாம். 55 வாட்டுக்கு நாலரை ஆம்பியர், அதுக்கே இந்தக் கப்ளர் சூடாகுது. 90 வாட்டுக்கு ஏழரை ஆம்பியர், கப்ளரே உருகும். ரிலே பாசிட்டிவ் பக்கத்தைத்தான் பலப்படுத்தும், எர்த் காலில் இருக்கிற கோளாறு அப்படியே இருக்கும். எதிரே வர்றவங்க கண்ணு கூசுறது தனிக் கதை.

ஜாப் கார்டு:
டீலர்கிட்டே வண்டி விடும்போது போடுற வேலைச் சீட்டில், அதாவது ஜாப் கார்டில், குறையை எழுதுங்க, வைத்தியத்தை எழுதாதீங்க. "ஹெட்லைட் செக் பண்ணவும்"னு எழுதினா "செக் செய்தோம், சரியாக உள்ளது"ன்னு பதில் வரும். நின்ன இடத்தில் உண்மையிலேயே சரியாத்தான் எரியும், பள்ளம் சர்வீஸ் பேயில் இல்லையே. வோல்ட் ரீடிங்கோட எழுதச் சொல்லி, ஜாப் கார்டைப் போட்டோ எடுங்க. கழட்டின பாகம் திருப்பித் தரணும்னு வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே அதில் சேர்க்கணும். எஸ்டிமேட்டில் பாகங்களுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தா கேளுங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 18 தான்.

ரெண்டு பல்ப் காசையும் லேபரையும் மெயிலில் திருப்பிக் கேளுங்க: முதலில் சர்வீஸ் மேனேஜர், பிறகு கம்பெனி கஸ்டமர் கேர், ரெண்டு ஜாப் கார்டு நம்பரும் போட்டு. அசையலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக ரெண்டு வருஷம் டைம் இருக்கு, 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனா ரெண்டு பல்ப் காசுக்கு அங்கே அலையறது எனக்குச் சரியாப் படலை.

மடிவாளா ஹேட்ச்பேக்:
அளந்துட்டேன். வயர் பக்கம் 0.08. பல்ப் காலில் 1.6, கப்ளரை ஆட்டினா 8 வரை எகிறுது. பாசிட்டிவ் காலில் 13.4. கப்ளரில் எர்த் ஓட்டையோட ஓரம் மட்டும் பழுப்பா, கொஞ்சம் உருகியிருக்கு.

டெஸ்ட் லாம்ப்:
அப்போ கப்ளர்தான். 13.4-ல் 1.6 போக பல்புக்குக் கிடைக்கிறது 11.8 வோல்ட். ஹாலஜன் வெளிச்சம் வோல்ட்டைவிட ரொம்ப வேகமா விழும், இதிலேயே மூணில் ஒரு பங்கு போச்சு.

பெங்களூர் ஜே.சி. ரோட்டு ஸ்பேர் கடைகளில் வயரோடு வர்ற செராமிக் எச்4 ஹோல்டர் கேளுங்க, பழைய கப்ளருக்குப் பதிலா அதுதான், செலவு நூற்றுக்கணக்கில் முடியும். உள்ளே இருக்கிற தகட்டில் காந்தம் ஒட்டினா அது இரும்பு, வாங்காதீங்க. வயர் 1.5 சதுர மில்லிக்குக் குறையக் கூடாது. பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு ஒவ்வொரு வயரா வெட்டிச் சேருங்க. மூணையும் ஒரே நேரத்தில் வெட்டினா டிம்மும் பிரைட்டும் மாறிப்போகும். மூணு இணைப்பும் ஒரே இடத்தில் வராம ஏத்தி இறக்கி, கிரிம்ப் (நசுக்கி இணைக்கிற குழாய்) போட்டு மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்குற உறை). முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மழைக்கு மறுபடி இதே வேலை. பல்ப் கண்ணாடியில் விரல் படக்கூடாது.

முடிச்சதும் திரும்ப அளங்க, 0.1 பக்கம் வரணும். வலது கப்ளரையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க, அதுக்கும் அதே வயசுதான்.